யோங்ரான் வெட்டிய பாதி முடி

அந்தக் கொரியாக் குடும்பம் முதல் பனி விழுவதற்குள் மூட்டை கட்டிவிடும் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்தான். இப்போது அதை யாராவது ஞாபகப்படுத்தினால் எனக்குக் கோபம் வரும். ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

என் பெயர் நோர்ஜ்மா. உலான்பாத்தரின் வடக்கு மேட்டில், வேலிக்கு வேலி கெர் என்கிற வட்டக் கம்பளி வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் எங்கள் பகுதியில், ஒரு குழந்தைகள் இல்லம் இருக்கிறது. வேலைக்குப் போகிற தாய்மார்கள் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டுச் சாயங்காலம் வந்து கூட்டிப்போவார்கள். அங்கே சமையல் என் பொறுப்பு. அதற்கு முன் பத்தொன்பது வருடம் அரசாங்கப் பாலர் பள்ளியில் சமைத்தவள். முப்பது பிள்ளைகளுக்கு ஒரே ஆளாக மாவு பிசைந்து, உருட்டி, கறியும் நூடுல்ஸும் போட்டு இறக்கிவிடுவேன். என் சமையலைக் குறை சொன்னவர்கள் இல்லை. என் வாயைப் பற்றிச் சொல்பவர்கள் நிறையப் பேர் உண்டு.

இல்லத்தை நடத்துவதற்கு வெளிநாட்டிலிருந்து தொண்டர்கள் வருவார்கள். முதலில் வந்தவர்கள் ஆறு மாதம் இருந்தார்கள், அடுத்து வந்தவர்கள் நாலே மாதம். கிட்டார் வாசிப்பார்கள், பிள்ளைகளைத் தோளில் தூக்கிவைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள், கடைசியில் கண்ணைக் கசக்கிக்கொண்டே விமானம் ஏறுவார்கள். பிள்ளைகளும் அழும். ரெண்டு நாளைக்கு அதுகளுக்குச் சாப்பாடு இறங்காது. மிச்சமான தட்டுகளைக் கழுவுகிறவள் நான். தொண்டர் என்ற பேச்சை எடுத்தாலே எனக்கு எரிச்சல் வந்ததற்கு அதுதான் காரணம்.

ஒரு மார்ச் மாதம் இவர்கள் மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். புருஷன் தேஷிக், ஊரில் இருபது வருடம் நகரப் பேருந்து ஓட்டியவன். மகள் போராம், பன்னிரண்டு வயது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். அம்மாக்காரிதான் யோங்ரான். குள்ளம், நல்ல சதைப்பிடிப்பு, தலைமுடியில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சாயம். கடலோரத்தில் ஏதோ சின்ன நகரத்தில் பதினைந்து வருடம் முடிவெட்டும் கடை வைத்திருந்தாளாம். மாதத்தில் ரெண்டு செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. அந்த நாளில் ஒரு அனாதை இல்லத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சும்மாவே முடி வெட்டிவிட்டு வருவாளாம். ஒரு தடவை ஒரு சின்னப் பெண், "நாளைக்கும் வருவியா?" என்று கேட்டதாம். ரெண்டு வருடம் அந்தக் கேள்வியோடு புரண்டு புரண்டு படுத்துவிட்டு, கடையை விற்று, புருஷனை வேலையை விட வைத்து, மகளைப் பள்ளியிலிருந்து பிடுங்கிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டாளாம்.

நான் இதை நம்பவில்லை. புருஷன் எங்கேயாவது வம்பில் மாட்டியிருப்பான், அதுதான் இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறார்கள் என்று பக்கத்து வேலியில் சொன்னேன்.

இல்லத்து வளாகத்திலேயே ஒரு கெரில் குடியிருந்தார்கள். வந்த வாரமே காரக் கோசு ஊறப்போட்ட ஜாடியை வெளியே வைத்துவிட்டுத் தூங்கி, காலையில் பார்த்தால் ஜாடி உறைந்து வெடித்துக் கிடந்தது. அடுப்பில் நிலக்கரியை வாய்வரை திணித்து, அணைந்துபோய், மூன்று பேரும் கோட்டோடு படுத்திருந்தார்கள். காலையில் நான் போய்ப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தேன். யோங்ரானும் சிரித்தாள். சிரித்துவிட்டு, விறைத்துப்போன கோசை உடைத்து எடுத்து எனக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். அங்கேதான் எனக்குக் கொஞ்சம் இடித்தது. முன்னால் வந்தவர்களைப் பார்த்து நான் சிரித்திருந்தால் முகம் சுருங்கிப் போயிருக்கும்.

தேஷிக் ஒரு பழைய வேனை வைத்துக்கொண்டு காலையும் மாலையும் பிள்ளைகளை ஏற்றி இறக்கினான். இருபது வருடப் பழக்கம் விடுமா? ஒவ்வொரு வேலி வாசலிலும் நிறுத்தி, தன் ஊர் பேருந்தில் அறிவிக்கிற தோரணையில், "அடுத்த நிறுத்தம், கறுப்பு நாய் வீடு, இறங்குபவர்கள் பையை மறக்காதீர்கள்" என்று சொல்வான். மூன்றே மாதத்தில் எங்கள் மேட்டுப் பிள்ளைகள் எல்லாம் கொரிய மொழியில் நிறுத்தம் அறிவித்தன. போராம் எங்கள் பள்ளியில் சேர்ந்து, முதலில் கெட்ட வார்த்தைகளையும் பிறகு மீதி மொழியையும் கற்றுக்கொண்டாள். அம்மாவுக்கு மொழிபெயர்ப்பு அவள்தான்.

யோங்ரானுக்கு மொழி வரவில்லை, கைதான் பேசியது. எந்தப் பிள்ளை அழுதாலும் தூக்கமாட்டாள், பக்கத்தில் உட்கார்ந்து அதன் தலையைக் கோதிவிடுவாள். அஞ்சு நிமிடத்தில் அது தூங்கிவிடும். நான் மாவு உருட்டுகிற கட்டைகளையெல்லாம் பிள்ளைகள் கத்தியாக்கிச் சண்டை போடுகிற நேரத்தில் இது எவ்வளவு பெரிய உதவி என்று சமைக்கிறவளுக்குத்தான் தெரியும். என்னை அக்கா என்று கூப்பிடப் பழகிக்கொண்டாள். நான் அவளைக் கூப்பிடும்போது குரலில் கொஞ்சம் முறுக்கு வைத்திருந்தேன். கோடை முடிவதற்குள் அதுவும் தேய்ந்துபோனது.

செப்டம்பரில்தான் அது நடந்தது.

கோடைக்குப் புல்வெளிப் பக்கம் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போன பிள்ளைகள் தலை நிறையப் பேனோடு திரும்பி வந்தன. யோங்ரான் ஒரு நாளை முடிவெட்டும் நாளாக அறிவித்தாள். ஜன்னல் ஓரமாக முக்காலி போட்டு, பூப்போட்ட துணியைக் கழுத்தில் கட்டி, வெட்டிக்கொண்ட பிள்ளைக்கு ஒரு குச்சி மிட்டாய். மிட்டாய் என்றதும் வரிசை சமையலறை வாசல்வரை நின்றது. நான் உள்ளே மாவு உருட்டிக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோல் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பன்னிரண்டாவது ஆளாக முக்காலியில் ஏறியது தொல்கோன்.

தொல்கோனுக்கு ஐந்து வயது. முடி முதுகு வரை தொங்கும். பிறந்ததிலிருந்து கத்தரிக்கோல் படாத முடி. வயிற்றிலிருந்து கொண்டுவந்த முடியைச் சும்மா வெட்டிப் போடமாட்டோம். பையனுக்கு மூன்றிலோ ஐந்திலோ நாள் பார்த்து, சொந்தபந்தத்தைக் கூப்பிட்டு, நீலப் பட்டுத்துண்டு கட்டிய கத்தரிக்கோலால் ஆளுக்கு ஒரு கொத்து வெட்டி வாழ்த்துவோம். முதல் வெட்டு யாருடையது என்பதை பிறந்த வருடத்தின் பொருத்தம் பார்த்து லாமா சொல்வார். தொல்கோனுக்கு அவன் அப்பா பத்சூக்கின் வருடம்தான் பொருந்தியது. அந்த பத்சூக்கோ பிள்ளை நாலு மாதக் குழந்தையாக இருக்கும்போதே வேலைக்குப் போனவன். போனது எங்கே? கொரியாவுக்கு. மூன்று வயதில் வர விடுப்பு கிடைக்கவில்லை. அக்டோபர் கடைசியில் ஒப்பந்தம் முடிந்து வருகிறான், வந்ததும் சடங்கு என்று எல்லாரும் காத்திருந்தோம்.

இதையெல்லாம் யோங்ரானுக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. இதைக்கூடவா ஒருத்திக்குச் சொல்லவேண்டும் என்று யாருக்குமே தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவர்கள் ஊரில் குழந்தைக்கு நூறு நாள் ஆனதும் தலையை வழித்துவிடுவார்களாம், அப்போதுதான் முடி அடர்த்தியாக வருமாம். போராமுக்கும் அப்படித்தான் வழித்தாளாம். அவளுக்கு இவன் முடி வெட்ட ஆளில்லாத பிள்ளை, அவ்வளவுதான்.

பால் எடுக்க வெளியே வந்தவள் அதைப் பார்த்தேன். இடது பக்கம் காதுக்கு மேலே வரை போய்விட்டது. வலது பக்கம் அப்படியே தொங்குகிறது. தொல்கோன் மிட்டாயை அதற்குள்ளேயே வாயில் போட்டுக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்திருக்கிறான். என் கையிலிருந்த பால் தூக்கு கீழே விழுந்தது. நான் போட்ட சத்தத்தில் முக்காலி அருகே நின்ற பிள்ளைகள் எல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டன. போராமைக் கூப்பிட்டு, மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவள் பாதி மொழிபெயர்க்கும்போதே யோங்ரானின் முகம் வெளுத்துவிட்டது.

தரையில் பன்னிரண்டு பிள்ளைகளின் முடி ஒன்றாகக் குவிந்து கிடந்தது. நான் துடைப்பத்தை எடுத்தேன். யோங்ரான் என் கையைப் பிடித்துத் தடுத்தாள். ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, குவியலை அப்படியே அள்ளி அதில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு முடியாக எடுத்து நுனியைப் பார்த்தாள், விரலில் உருட்டினாள், இங்கே ஒன்றும் அங்கே ஒன்றுமாக வைத்தாள். பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். போராம்தான் விளக்கினாள். ஒரு தடவை வெட்டிய முடியின் நுனி மொட்டையாக இருக்குமாம். வெட்டே படாத முடியின் நுனி ஊசியாய்க் கூர்ந்திருக்குமாம். மற்ற பதினொரு பேரும் ஏற்கெனவே முடி வெட்டிய தலைகள்தான். அதனால் கூர்நுனி உள்ளதெல்லாம் தொல்கோனுடையது.

மத்தியானத்திலிருந்து பொழுது சாயும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. சாப்பிடவில்லை. நான் கொண்டுபோன உப்புத் தேநீர் ஆடை படர்ந்து கிடந்தது. கடைசியில் எனக்கே மனசு கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினேன். என் கண்ணுக்கு எல்லா நுனியும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. நான் வைத்ததையெல்லாம் அவள் திரும்ப எடுத்துச் சரிபார்த்தாள்.

தொல்கோனின் அம்மா ஹூலான் கம்பளி ஆலையில் வேலை முடிந்து வந்தாள். மகனைப் பார்த்தாள். என் பக்கம் திரும்பித்தான் கேட்டாள்.

"நீ என்னக்கா பண்ணிட்டிருந்தே?"

"மாவு உருட்டிட்டிருந்தேன்" என்றேன். வேறு என்ன சொல்ல?

"ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை அவரு போன்ல கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். முடியக் காட்டு, எவ்ளோ வளந்திருக்குன்னு பாக்கறேன்னு. அஞ்சு வருஷமா அவரோட பேச்சே அதுதான். இனி நான் எதைக் காட்டுறது?"

யோங்ரான் இரண்டு கையாலும் அந்த முடிக்கொத்தை நீட்டினாள். சீராக வாரி, வெள்ளை நூலால் கட்டியிருந்தாள். "மன்னிச்சிருங்க" என்ற எங்கள் சொல்லை நாலைந்து தடவை சொன்னாள், வேறு சொல் அவளுக்கு வரவில்லை. ஹூலான் கொத்தை வாங்கி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். பிறகு கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். மீதி முடியை யாரும் தொடக்கூடாது, பிள்ளை இனி இங்கே வராது, அக்டோபரில் அவன் அப்பா வந்து என்ன சொல்கிறாரோ அதுதான் முடிவு என்று என்னிடம் சொல்லிவிட்டு நடந்தாள்.

சேதி வேலி தாண்டி ஓடியது. மற்ற தாய்மார்களும் பிள்ளைகளை நிறுத்தினார்கள். வெட்டிய பிள்ளைகளுக்குச் சடங்கு எப்போதோ முடிந்துவிட்டதுதான், இருந்தாலும் பயம். முப்பத்திரண்டு பிள்ளைகள் ஒன்பதாகிவிட்டன. நான் பழக்கதோஷத்தில் முப்பது பேருக்கு மாவு பிசைந்துவிட்டு விழிப்பேன். தேஷிக் காலி வேனை ஓட்டிக்கொண்டு போய் எல்லா வாசலிலும் நிறுத்தி, ஏறுவதற்கு ஆளில்லாவிட்டாலும் நிறுத்தத்தை அறிவித்துவிட்டுத்தான் நகர்வான். வேலிக்குப் பின்னாலிருந்து பிள்ளைகள் எட்டிப்பார்க்கும். சில பிள்ளைகள் உள்ளேயிருந்தே பதில் அறிவிப்புக் கொடுக்கும்.

தொல்கோன் மட்டும் கவலையில்லாமல் திரிந்தான். ஒரு பக்கம் குட்டை, ஒரு பக்கம் முதுகுவரை. வலது பக்கம் பார்த்தால் பெண், இடது பக்கம் பார்த்தால் ராணுவச் சிப்பாய். ஹூலான் குல்லாயைப் போட்டு அனுப்புவாள், அவன் தெருமுனையில் அதைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவான். எங்கள் மேட்டில் அவனைவிடப் பிரபலமான ஆள் அந்த மாதத்தில் இல்லை. இரண்டு பையன்கள் தங்களுக்கும் அப்படியே வெட்டிவிடச் சொல்லி அழுது அடி வாங்கினார்கள்.

யோங்ரான் இந்த ஊரில் இனிக் கத்தரிக்கோலைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது, அதற்குள் கற்றிருந்த உடைந்த மொழியில் என்னிடம் சொன்னாள்.

"அக்கா, அந்த அப்பா வரட்டும். அவரு மூஞ்சியப் பாத்து மன்னிப்புக் கேக்கறேன். அவரு மன்னிக்கலேன்னா நாங்க போயிருவோம். புள்ளைங்களுக்காக வந்தோம். புள்ளைங்களே வரலேன்னா எதுக்கு இங்க?"

போராம் அந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டு, தான் எங்கேயும் வரப்போவதில்லை, வேண்டுமானால் நீங்கள் இரண்டு பேரும் போங்கள் என்று எங்கள் மொழியிலேயே அம்மாவிடம் சண்டை பிடித்தாள். மார்ச்சில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்த பெண் இவள். தேஷிக் வேனின் சக்கரத்தைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சக்கரத்தில் ஒரு கோளாறும் இல்லை.

தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஒருத்தி, "உன் வாக்குப் பலிக்கப்போவுது நோர்ஜ்மா, பனி விழுறதுக்குள்ள கெளம்பிருவாங்க" என்று சிரித்தாள். நான் அவள் குடும்பக் கதையில் ஒரு பக்கம் விடாமல் எடுத்து வைத்தேன். பாதித் தண்ணீரோடு வீட்டுக்கு ஓடினாள். திரும்பி நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் போகக்கூடாது என்றுதான் நான் இப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். அதை ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது.

அக்டோபர் கடைசியில் பத்சூக் வந்து சேர்ந்தான். அன்றைக்கே முதல் பனியும் விழுந்தது. மூன்றாம் நாள் ஹூலானின் தம்பி வந்து, இன்றைக்கு நல்ல நாள், சடங்கு வைத்திருக்கிறோம், அந்தக் கொரியாக்காரம்மாவும் வரவேண்டுமாம் என்று சொல்லிவிட்டுப் போனான். கூப்பிடுவது மரியாதைக்கா, முகத்துக்கு நேரே கேட்பதற்கா என்று அவனுக்கும் தெரியவில்லை. யோங்ரான் இருப்பதில் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டாள். பொத்தானை மாற்றி மாட்டியிருந்தாள், நான்தான் அவிழ்த்துச் சரியாக மாட்டிவிட்டேன். அவளும் தேஷிக்கும் போராமும் நானும் பனியில் நடந்து போனோம்.

கெருக்குள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அடுப்பு, அதன்மேல் பூஸ் என்கிற கறிக் கொழுக்கட்டை வெந்துகொண்டிருந்தது. பத்சூக்கின் அண்ணன் வடக்குப் பக்கம், பெரியவர்களுக்கான இடத்தில் உட்கார்ந்திருந்தார். பத்சூக் மெலிந்துபோயிருந்தான், கைகளில் வேலையிடத்து ரசாயனச் சாயம் ஏறிய கறை. யோங்ரான் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்ததுதான் தாமதம், அவன் துள்ளி எழுந்தான். இரண்டு கையையும் வயிற்றின்மேல் கோர்த்துக்கொண்டு, இடுப்புவரை குனிந்து கொரிய மொழியில் எதையோ சொன்னான். நான் போராமைப் பார்த்தேன். அவள் காதோடு சொன்னாள்.

"'முதலாளியம்மா, வணக்கம்'ங்கறாரு பெரியம்மா."

தன் வீட்டுக்குள், தன் அடுப்புக்குப் பக்கத்தில், தன் அண்ணனும் பெண்டாட்டியும் பார்த்துக்கொண்டிருக்க. வேண்டுமென்று செய்யவில்லை பாவம், உடம்பு தானாகக் குனிந்துவிட்டது. ஐந்து வருடம் அங்கே எப்படி இருந்தான் என்று அவன் யாருக்கும் சொல்லவில்லை. அந்த ஒரு குனிதலில் நாங்கள் எல்லாரும் பார்த்துவிட்டோம். ஹூலான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

யோங்ரான் அப்படியே மண்டியிட்டுத் தலையைத் தரையில் வைத்தாள். அதைப் பார்த்து அவன் பதறி இன்னும் கீழே குனிந்தான். அவன் குனியக் குனிய இவள் தலை தரையைவிட்டு எழவில்லை. இரண்டு பேரில் யார் முதலில் நிமிர்வது என்று தெரியாமல் அப்படியே இருந்தார்கள்.

"ரெண்டு பேரும் எந்திரிங்க. தேத்தண்ணி ஆறுது" என்றேன். யாராவது சொல்லித்தானே ஆகவேண்டும்.

யோங்ரான் நிமிர்ந்து, எங்கள் மொழியிலேயே, ஒவ்வொரு சொல்லாகத் தேடிப்பிடித்துச் சொன்னாள்.

"நான் முதலாளியம்மா இல்லைங்க. இது உங்க வீடு. நான்தான் இங்க வேலைக்கு வந்தவ."

பத்சூக்கின் கோர்த்திருந்த கை மெதுவாகப் பிரிந்தது. உட்காருங்கள் என்று இடத்தைக் காட்டினான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தேஷிக் தான் கொண்டுவந்த பொம்மைப் பேருந்தைப் பையன் முன்னால் வைத்தான்.

சடங்கு தொடங்கியது. பத்சூக் நீலப் பட்டு கட்டிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மகனைக் கூப்பிட்டான். தொல்கோன் வரவில்லை. போனில் பார்த்த அப்பா உள்ளங்கை அளவு இருப்பார், சிரிப்பார், அணைந்துபோவார். இதுவோ வந்து மூன்று நாளாகியும் கிட்டப் போகத் துணியாத ஒரு பெரிய ஆள், கையில் கத்தரிக்கோல் வேறு. போன தடவை கத்தரிக்கோல் பட்டபோது எல்லாரும் பதறியது அவனுக்கு ஞாபகம் இருந்திருக்கும். வீரிட்டு அம்மா மடிக்குள் புகுந்தான். அவள் எடுத்துவிட, ஓடிப்போய் யோங்ரானின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவள் உடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

கத்தரிக்கோல் பத்சூக்கின் கையில் அந்தரத்தில் நின்றது. ஐந்து வருடம் ஞாயிறு ஞாயிறாக அளந்து பார்த்த முடி, பாதிதான் மிச்சம், அதுவும் அவனிடம் வர மறுத்து இன்னொருத்தியின் முதுகுக்குப் பின்னால். இதோடு தீர்ந்தது, இனி இவர்கள் இங்கே இருக்க முடியாது என்று நான் நினைத்தேன்.

யோங்ரான் பத்சூக்கின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவனிடம் தன் மொழியில் எதையோ கேட்டாள். அவன் லேசாகச் சிரித்துக்கொண்டு பதில் சொன்னான். போராம் எங்களுக்குச் சொன்னாள். உங்களுக்கு யார் முடி வெட்டிவிட்டது என்று அம்மா கேட்கிறாள். அறையில் கூட இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் வெட்டிக்கொள்வார்களாம். போன முதல் மாதம் ஒரு கடைக்குப் போனாராம். உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்களாம். அதற்கப்புறம் கடைக்குப் போகவில்லையாம்.

யோங்ரான் சிரிக்கவில்லை. "அக்கா, ஒரு துணி குடுங்க" என்றாள் என்னிடம்.

முக்காலியை இழுத்துப் போட்டு பத்சூக்கை உட்காரச் சொன்னாள். துணியைக் கழுத்தில் கட்டினாள். ஹூலானின் தையல் கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கினாள். இனித் தொடமாட்டேன் என்றவள் கை ஒரு கணம் தயங்கியது, பிறகு தன் வேலையில் இறங்கிவிட்டது. அப்படி ஒரு முடிவெட்டை நான் பார்த்ததில்லை. காதுக்குப் பின்னால், பிடரியில், அந்த ஐந்து வருடக் கோணல்மாணலை எல்லாம் அவசரமே இல்லாமல் சரிசெய்தாள். பிள்ளைகள் தலையைக் கோதுகிற மாதிரியே இடையிடையே கோதிவிட்டாள். பத்சூக் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணிலிருந்து நீர் வந்தது, துணிக்குள் கை மாட்டியிருந்ததால் துடைக்கவும் முடியவில்லை.

தொல்கோன் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கண்ணால் பார்த்தான். பிறகு இரண்டு கண்ணால். கத்தரிக்கோல்காரர் தானே துணி கட்டிக்கொண்டு, அவனைவிடச் சாதுவாக உட்கார்ந்திருந்தார். யோங்ரான் குனிந்து அவன் கையில் ஒரு சின்னத் துணிப்பந்தைக் கொடுத்து, அப்பா கழுத்தில் ஒட்டியிருக்கிற முடியைத் தட்டிவிடு என்றாள். அவன் எட்டி நின்று ஒரு தட்டு தட்டினான். கூச்சத்தில் பத்சூக் தோளைக் குலுக்கினான். பையன் கெக்கெக்கென்று சிரித்தான். இன்னொரு தட்டு. அடுத்த தட்டுக்கு அவன் அப்பாவின் தொடையில் ஏறி நின்றுகொண்டிருந்தான்.

தட்டி முடித்ததும் அங்கேயே உட்கார்ந்து, "இப்ப எனக்கு" என்றான்.

பத்சூக் வலது பக்கத்திலிருந்து முதல் கொத்தை வெட்டினான். பட்டுத்துண்டில் வைத்தான். ஹூலான் பெட்டியைத் திறந்து, வெள்ளை நூல் கட்டிய அந்தப் பழைய கொத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். கத்தரிக்கோல் அண்ணனிடம் போனது, பெண்களிடம் வந்தது, என்னிடம் வந்தது. ஒவ்வொருவரும் ஒரு கொத்து, ஒரு வாழ்த்து. யோங்ரானிடம் நீட்டியபோது அவள் இரண்டு கையையும் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"என் பங்கை நான் அப்பவே வெட்டிட்டேன்" என்றாள்.

பெரியவர் இடத்தில் இருந்த அண்ணன் தொடையில் தட்டிச் சிரிக்க, கெரே அதிர்ந்தது. ஹூலான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரெண்டு மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

சிரிப்பு அடங்கியதும் பத்சூக் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். முகத்தில் விளையாட்டே இல்லை. போராம் அம்மாவுக்கு மொழிபெயர்க்க நேரம் விட்டு விட்டுப் பேசினான்.

"இவங்க வெட்டினதுதான் மொத வெட்டு. நடந்தது நடந்துபோச்சு. ஆனா நம்ம வழக்கம் ஒண்ணு இருக்கு. மொத வெட்டு வெட்டினவங்க, அந்தப் புள்ள வளந்து ஆளாகற வரைக்கும் ஊரை விட்டுப் போகக்கூடாது. போனா புள்ளைக்கு ஆகாது."

யோங்ரான் வாயைத் திறந்தபடி கேட்டாள். புருஷனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். கடைசியில் என்னிடம் திரும்பினாள். எதையும் என்னிடம் கேட்டுத்தானே அவளுக்குப் பழக்கம்.

"அப்படியா அக்கா?"

அப்படி ஒரு வழக்கம் எங்களிடம் கிடையாது. நான் பிறந்து ஐம்பத்து மூன்று வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளின் முதல் முடிக்குப் போயிருக்கிறேன், எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. முதல் வெட்டு வெட்டிய என் மாமன்கள் எல்லாம் நாலு திசைக்கும் போய் நன்றாகத்தான் இருக்கிறார்கள். தப்பாகப் பேசினால் யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே திருத்திவிடுகிற ஆள் நான், அது எல்லாருக்கும் தெரியும். அதனால் கெருக்குள் இருந்த அத்தனை பேரும் என் வாயையே பார்த்தார்கள். அண்ணன் மூக்குப்பொடிப் புட்டியைத் திறந்து, அதற்குள் ஏதோ தொலைந்துபோன மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா" என்றேன். "ரொம்பப் பழைய வழக்கம்."